ஜிம்மர் ஃப்ரெடெட்: என்பிஏ-வில் ஏன் எடுபடவில்லை, சீனாவில் ஏன் எடுபட்டது?

பெஞ்ச்வாசி எழுதியது:
அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஜிம்மர் ஃப்ரெடெட் 2025 ஏப்ரலில் ஓய்வு அறிவித்தபோது நான் படித்த குறிப்புகள் எல்லாவற்றிலும் ஒரே பல்லவி. கல்லூரியில் சூரர், அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏ-வில் புஸ்வாணம், அப்புறம் சீனாவுக்குப் போய்ப் பிழைத்துக்கொண்டார். இந்தக் கடைசி வரியைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. 2016-17 சீசனில் ஷாங்காய் ஷார்க்ஸுக்காக ஆட்டத்துக்குச் சராசரி 37.6 புள்ளி எடுத்து, அந்த லீக்கின் சிறந்த வெளிநாட்டு வீரர் விருதை வாங்கியவரைப் "பிழைத்துக்கொண்டார்" என்றால் எப்படி? என் கட்சி இதுதான்: ஆள் கடைசிவரை ஒரே ஆள், அதே ஆட்டம். பந்தை அவர் கையில் கொடுத்த இடத்தில் எல்லாம் அடித்தார், கொடுக்காத இடத்தில் காணாமல் போனார். மறுப்பவர்கள் வரலாம்.

அரைக்கோடு எழுதியது:
வந்துவிட்டேன். பந்தைக் கையில் கொடுத்தால்தான் அடிப்பேன் என்றால் அதுவே குறைதானே நண்பா. என்பிஏ-வில் 450 பேர் இருக்கிறார்கள், பந்து எப்போதும் கையில் இருக்கிற உரிமை அதில் முப்பது பேருக்குத்தான்.

மூன்றாம்கால் எழுதியது:
சண்டை தொடங்கும் முன், அவரைப் பார்க்காத தலைமுறைக்காகக் கல்லூரிக் காலத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நியூயார்க் மாநிலத்தில் க்ளென்ஸ் ஃபால்ஸ் என்ற சின்ன ஊர்க்காரர், உயரம் ஆறடி இரண்டு அங்குலம்தான், பெரிய வேகமும் கிடையாது, அதனால் பெரிய கல்லூரிகள் அவ்வளவாகச் சீண்டவில்லை. மார்மன் கிறிஸ்தவ சபைக் குடும்பம், அந்தச் சபையே யூட்டாவில் நடத்தும் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2007-இல் அவருடைய அண்ணன் ஒரு தாளில் ஒப்பந்தம் மாதிரி எழுதி, என்பிஏ-வுக்குப் போகத் தேவையான உழைப்பைக் கொடுப்பேன் என்று தம்பியிடம் கையெழுத்து வாங்கி வைத்த கதை பலருக்குத் தெரிந்திருக்கும். அதே அண்ணன் தம்பியைச் சிறைச்சாலைகளுக்கு அழைத்துப் போய்க் கைதிகளோடு ஆடவிட்டதும் உண்டு. சுற்றி நின்று கத்துகிற கூட்டத்தில் பதறாமல் ஆடப் பழக்குவதற்காம்.

2009 டிசம்பரில் அரிசோனாவுக்கு எதிராக, அதுவும் அவர்கள் ஊரிலேயே, 49 புள்ளி. அங்கே ஆரம்பித்ததுதான் அந்த ஜுரம். 2010 மார்ச்சில் கல்லூரிகளின் தேசியப் போட்டியின் முதல் சுற்றில் ஃப்ளோரிடாவுக்கு எதிராக 37, இரண்டு கூடுதல் நேரம் போய் ஜெயித்தார்கள். கடைசி வருடம் சராசரி 28.9, நாட்டிலேயே அதிகம். 2011 ஜனவரியில் சான் டியேகோ ஸ்டேட் அணி ஒரு தோல்வியும் இல்லாமல் வந்தது, பின்னாளில் என்பிஏ நட்சத்திரமான காவாய் லெனர்ட் அந்த அணியில்தான் இருந்தார், அவர்களுக்கு எதிராக 43 அடித்தார். அந்த ராத்திரி என்பிஏ நட்சத்திரம் கெவின் டுராண்டே ட்விட்டரில் வந்து உலகின் சிறந்த ஸ்கோரர் இவர்தான் என்கிற ரீதியில் எழுதினார். மார்ச்சில் நியூ மெக்ஸிகோவுக்கு எதிராக 52. சிறந்த கல்லூரி வீரருக்கான நெய்ஸ்மித், வுடன் இரண்டு விருதும் அவருக்கே.

எப்படி அடித்தார் என்பதுதான் முக்கியம். அப்போது கல்லூரி மூன்று புள்ளிக் கோடு 6.32 மீட்டர். இவர் அதற்கு இரண்டு மூன்று அடி பின்னாலேயே, பந்தைத் தட்டிக்கொண்டு வந்தபடியே, காலைக்கூடச் சரியாகச் சேர்த்து வைக்காமல் தூக்கிப் போடுவார். ஸ்டெஃப் கரி என்பிஏ-வில் அதை ஊரறியச் செய்வதற்கு முன்னால் நாங்கள் இதைத்தான் இரவெல்லாம் யூட்யூபில் திரும்பத் திரும்பப் பார்த்தோம்.

அரைக்கோடு எழுதியது:
அந்தப் பட்டியலில் ஒன்று விட்டுப்போச்சு. 2011 மார்ச், நியூ ஆர்லியன்ஸ், மறுபடி அதே ஃப்ளோரிடா. 32 புள்ளி எடுத்தார், சரி. அதற்கு 29 ஷாட். மூன்று புள்ளிக்கு 15 போட்டு 3 விழுந்தது. கூடுதல் நேரத்தில் தோற்று வீட்டுக்குப் போனார்கள். தன்னைவிட நீளமான, வேகமான ஆட்கள் மாறி மாறி ஒட்டிக்கொண்டு நின்றால் என்ன ஆகும் என்பதற்கு என்பிஏ ஆட்களுக்கு அந்த ஒரு டேப்பே போதும்.

மூன்றாம்கால் எழுதியது:
அந்த ஆட்டத்தைச் சொல்கிறவர் பிராண்டன் டேவிஸ் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத்தின் ஒழுக்க விதியை மீறினார் என்று சரியாக அந்த மார்ச் தொடக்கத்தில் அணியின் முக்கியமான உயர ஆளை இடைநீக்கம் செய்துவிட்டார்கள். உள்ளே பந்தை வாங்க ஆளே இல்லை, அப்புறம் ஃப்ரெடெட் 29 ஷாட் போடாமல் வேறு யார் போடுவது? வேடிக்கை என்னவென்றால் அந்த டேவிஸும் பின்னால் ஐரோப்பாவுக்குப் போய் ஜால்கிரிஸ், பார்சிலோனா என்று வருடக்கணக்கில் நன்றாக ஆடினார்.

பெஞ்ச்வாசி எழுதியது:
சாக்ரமெண்டோவுக்கு வருவோம், என் வழக்கே அங்கேதான். என்பிஏ அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2011-இல், பத்தாவதாக மில்வாக்கி எடுத்து, மூன்று அணி சேர்ந்த பரிமாற்றத்தில் சாக்ரமெண்டோ கிங்ஸுக்குப் போனார். அந்த வருடம் லாக்அவுட், அதாவது ஒப்பந்தத் தகராறில் அணி உரிமையாளர்கள் லீக்கைப் பூட்டிவிட்டார்கள். புது ஆட்கள் பழகுகிற சம்மர் லீக் இல்லை, பயிற்சி முகாம் பேருக்கு நடந்தது, சீசன் 66 ஆட்டமாகச் சுருங்கி டிசம்பர் கடைசியில் தொடங்கியது. ஏழே ஆட்டத்தில் பயிற்சியாளர் பால் வெஸ்ட்ஃபாலை வீட்டுக்கு அனுப்பினார்கள், கீத் ஸ்மார்ட் வந்தார், 2013-இல் மைக்கேல் மலோன் வந்தார். டைரீக் எவன்ஸ், மார்கஸ் தார்ன்டன், ஜான் சால்மன்ஸ், டிமார்கஸ் கசின்ஸ் எல்லாருக்கும் பந்து வேண்டும். இவரை மூலையில் நிற்கச் சொல்லிவிட்டார்கள். வாழ்நாள் முழுக்கப் பந்தோடு ஆடியவரிடம் நீ சும்மா நில், வந்தால் போடு என்றால்? அப்படியும் போட்டார். 2013-14-இல் கிங்ஸுக்காக மூன்று புள்ளி சதவீதம் 49. ஆனால் கிடைத்தது ஆட்டத்துக்குப் பதினோரு நிமிடம், பிப்ரவரியில் ஒப்பந்தத்தை முடித்து அனுப்பிவிட்டார்கள்.

அரைக்கோடு எழுதியது:
இங்கேதான் உங்கள் வழக்கு உடைகிறது. அதே டிராஃப்டில், அதே அணி, 60வது ஆளாக, அதாவது கடைசி ஆளாக, ஐசையா தாமஸை எடுத்தது. ஐந்தடி ஒன்பது அங்குலம். அதே லாக்அவுட், அதே பயிற்சியாளர் குழப்பம், அதே கசின்ஸ். அவர் சில மாதத்தில் முதல் ஐவரில் இடம் பிடித்துவிட்டார். ஏன்? முதல் அடியிலேயே எதிராளியைத் தாண்டுவார். ஃப்ரெடெட்டுக்கு ஸ்கிரீன் வைத்தால்தான், அதாவது கூட ஆடுகிறவர் எதிராளியை மறித்து நின்றால்தான், தாண்ட முடியும். தடுக்கும்போதோ இவரைத் தேடிப் பிடித்து பிக் அண்ட் ரோல் (ஒருவர் மறித்து, உடனே கூடைப் பக்கம் பாய்வது) ஆடுவார்கள். நியூ ஆர்லியன்ஸ் பெலிக்கன்ஸுக்குப் போனபோது மூன்று புள்ளி 19 சதவீதத்துக்கும் கீழே விழுந்ததே, அதையும் பந்து கொடுக்கவில்லை என்ற கணக்கில் எழுதுவீர்களா?

பெஞ்ச்வாசி எழுதியது:
எழுதுவேன். அந்த சீசன் முழுவதும் மூன்று புள்ளிக்குப் போட்டதே 48 ஷாட். வாரத்துக்கு ரெண்டு போட்டால் யாருக்குக் கை பழகும்?

பந்துபொறுக்கி எழுதியது:
டிஃபென்ஸ் பற்றி அரைக்கோடு சொல்வதுதான் சரி. ஷூட்டிங் பற்றி பெஞ்ச்வாசி சொல்வதுதான் சரி. நான் ரெண்டு பேரிடமும் அடி வாங்காமல் நகர்ந்துகொள்கிறேன்.

புடோங்வாசி எழுதியது:
நான் அப்போது வேலை நிமித்தம் ஷாங்காயில் இருந்தேன். யுவான்ஷென் அரங்கத்தில் அவர் ஆடுவதை நேரில் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளவும்.

சீன லீக் பற்றி இங்கே பலர் நினைப்பது மாதிரி சும்மா வந்து அள்ளிக்கொண்டு போகிற இடமில்லை. விதி வேறு. அப்போது ஆட்டம் என்பிஏ மாதிரியே 12 நிமிடக் கால்பகுதி, மொத்தம் 48 நிமிடமாக இருந்தது, ஐரோப்பா மாதிரி 40 இல்லை. ஆனால் அப்போது ஒரு அணிக்கு ரெண்டே வெளிநாட்டு வீரர்கள், அவர்களும் நான்கு கால்பகுதியும் சேர்ந்து களத்தில் இருக்க முடியாது, கணக்கு வைத்துத்தான் இறக்கினார்கள். அவர் வந்த காலத்தில் கடைசிக் கால்பகுதியில் ஒரு வெளிநாட்டவர்தான் உள்ளே. ஆக எல்லா அணியும் அந்த ஒருவர் யார் என்று முதலிலேயே முடிவு செய்துவிடும். ஷார்க்ஸில் அது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அணியின் உரிமையாளர் அப்போது யாவ் மிங், அவர்தான் கூட்டிவந்தார்.

எதிரணி இவருக்கு என்ன செய்யும் என்றால், பாதிக் கோட்டிலிருந்தே ஒருவன் இடுப்பில் கையை வைத்தபடி ஒட்டிக்கொண்டு வருவான். ஸ்கிரீன் வந்ததும் உயர ஆளும் சேர்ந்து ரெண்டு பேராக மறிப்பார்கள். இவர் பின்வாங்கி, பின்வாங்கி, மைதான நடுவிலிருக்கிற லோகோவுக்குப் பக்கத்தில் போய், அங்கிருந்து தூக்குவார். பக்கத்து இருக்கைப் பெரியவர் ஒருவர் பந்து காற்றில் இருக்கும்போதே எழுந்துவிடுவார், விழுந்ததா என்று பார்ப்பதே கிடையாது. ரசிகர்கள் வைத்த பட்டம் தனிமைக் கடவுள். தனியாக ஐந்து பேரோடு ஆடுகிறார் என்ற அர்த்தத்தில்தான் எங்கள் அலுவலகத்துப் பையன்கள் சொல்வார்கள். 2017 பிப்ரவரியில் ஒரே ஆட்டத்தில் 73 புள்ளி. 2018-இல் பெய்ஜிங் பெய்கோங்குக்கு எதிராக 75, அதுவும் ஒரே ஒரு புள்ளியில் தோற்ற ஆட்டம்.

அரைக்கோடு எழுதியது:
75 எடுத்தும் தோல்வி. ஷார்க்ஸுக்கு அவர் எத்தனை சாம்பியன்ஷிப் வாங்கிக் கொடுத்தார்? ஒன்றும் இல்லை. ஸ்டெஃபான் மார்பரியை வைத்துப் பாருங்கள். ஜார்ஜியா டெக்கில் ஒரே வருடம், 1996 டிராஃப்டில் நான்காவது, ரெண்டு முறை ஆல்-ஸ்டார், அப்புறம் நியூயார்க்கில் பேர் கெட்டு 2010-இல் சீனா. பெய்ஜிங் டக்ஸுக்கு 2012, 2014, 2015 என்று மூன்று பட்டம். ஊரில் சிலை வைத்தார்கள், நிரந்தர வசிப்புரிமை அட்டை கொடுத்தார்கள், பிற்பாடு பயிற்சியாளராகவும் அங்கேயே இருந்தார். வெளிநாட்டில் ஒரு வாழ்க்கை அமைத்துக்கொள்வது என்றால் அது.

புடோங்வாசி எழுதியது:
மார்பரிக்குப் பக்கத்தில் நல்ல உள்நாட்டு வீரர்கள் இருந்தார்கள், அதையும் கணக்கில் வையுங்கள். ரெண்டு வெளிநாட்டவர் மட்டும்தான் என்ற விதி இருந்த லீக்கில் பட்டத்தைத் தீர்மானித்தது மீதி எட்டுப் பத்து உள்ளூர் ஆட்கள். குவாங்டோங் அணி அப்போதெல்லாம் மேலே நின்றதும் அதனால்தான். ஷாங்காயில் அந்த ஆழம் அப்போது இல்லை. ஆனால் பட்டம் இல்லை என்பது உண்மை, அதை நான் மறைக்கப் போவதில்லை.

கார்டுகனவு எழுதியது:
சார், எனக்கு ஒரு சந்தேகம், கொஞ்சம் விலகிய கேள்வி. என்பிஏ கிடைக்காத கல்லூரி ஆட்கள் எல்லாரும் சீனாவுக்கா போகிறார்கள்? சம்பளம் எல்லாம் எப்படி? என் கசின் அமெரிக்காவில் படிக்கிறான், அவன் கல்லூரி அணிப் பையன் ஒருவன் ஜெர்மனி இரண்டாம் பிரிவுக்குப் போகப்போவதாகச் சொன்னான்.

மூன்றாம்கால் எழுதியது:
தம்பி, சீனா மேல்மட்ட ஆட்களுக்கு, அதிகப் பணம், குறைந்த இடம். பெரும்பாலானவர்கள் உங்கள் கசினின் நண்பன் மாதிரி ஐரோப்பாவின் சின்ன லீக்குகளில்தான் தொடங்குவார்கள். வழக்கமாக ஒப்பந்தம் வரி போகக் கையில் இவ்வளவு என்று இருக்கும், வீடும் காரும் கிளப் கொடுக்கும். பிரச்சினை என்னவென்றால் பாதி ஐரோப்பாவில் சம்பளம் ஒழுங்காக வராத கிளப்புகள் உண்டு. அதற்காகவே 2007-இல் உலகக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபா ஒரு தீர்ப்பாயம் ஏற்படுத்தியது, சம்பளம் தராத கிளப் மேல் புது வீரர்களைப் பதிவு செய்யத் தடை வரைக்கும் போகும். ஏஜெண்டுகள் முதலில் பார்ப்பது ஒப்பந்தத்தில் அந்தத் தீர்ப்பாயத்தின் பேர் இருக்கிறதா என்பதைத்தான்.

அப்படிக் கீழேயிருந்து ஏறியவருக்கு மைக் ஜேம்ஸைவிட நல்ல உதாரணம் கிடையாது. லமார் பல்கலைக்கழகம், 2012-இல் டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை, இத்தாலியில் கீழ்ப்பிரிவு வரை போய் ஆடினார், கிரீஸில் ரோட்ஸ் தீவு அணி, ஸ்பெயினில் பாஸ்கோனியா, ஏதென்ஸில் பனதினாய்கோஸ், மிலான், மாஸ்கோ, மொனாக்கோ. 2024-இல் கிரேக்க வீரர் ஸ்பனூலிஸைத் தாண்டி, ஐரோப்பாவின் மேல்மட்டக் கிளப் லீக்கான யூரோலீக் வரலாற்றிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர் ஆனார், அந்த சீசனின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே. என்பிஏ-வில் சன்ஸ், நெட்ஸ் என்று எட்டிப் பார்த்ததோடு சரி. ஷேன் லார்கின் இன்னொருவர். மயாமி பல்கலைக்கழகம், 2019 நவம்பரில் பயர்ன் மியூனிக்குக்கு எதிராக 49 புள்ளி, யூரோலீக்கில் ஒரே ஆட்டத்தில் அதற்குமுன் யாரும் அத்தனை எடுத்ததில்லை. பின்னால் துருக்கிக் குடியுரிமை, இஸ்தான்புல் அணியான எஃபெஸோடு 2021, 2022 ரெண்டு ஐரோப்பியக் கோப்பை.

அரைக்கோடு எழுதியது:
நன்றி, என் வேலையை நீங்களே செய்துவிட்டீர்கள். ஜேம்ஸும் லார்கினும் யூரோலீக்கில் ராஜாக்கள். ஃப்ரெடெட் 2019-20-இல் அதே யூரோலீக்கில் பனதினாய்கோஸுக்கு ஆடினார், என்ன நடந்தது? ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை.

பெஞ்ச்வாசி எழுதியது:
என்ன நடந்தது என்று சொல்கிறேன். அந்த அணியில் பந்து நிக் கலாதிஸ் கையில். அப்போது யூரோலீக்கிலேயே அதிக அசிஸ்ட் (மற்றவர் புள்ளி எடுக்க வழிவிடும் பாஸ்) கொடுத்த ஆள், அவரிடமிருந்து பந்தைப் பிடுங்க முடியாது, பிடுங்கவும் கூடாது. நவம்பரில் பயிற்சியாளர் மாறி ரிக் பிட்டினோ வந்தார். இவர் ரெண்டாவது ஆளாக ஆடி, சில ஆட்டங்களில் நன்றாகவே ஆடினார். மார்ச்சில் கொரோனா வந்து சீசனே நின்றது, யூரோலீக் சாம்பியன் இல்லாமலே முடிந்தது, கிரேக்க லீக் பட்டத்தை மட்டும் பனதினாய்கோஸுக்குக் கொடுத்தார்கள். இதை வைத்து ஆளை எடை போட்டால் எப்படி? கிங்ஸில் நடந்ததே கொஞ்சம் நல்ல மனிதர்களோடு நடந்தது, அவ்வளவுதான்.

பந்துபொறுக்கி எழுதியது:
"பந்து அவர் கையில் இல்லை" என்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து வைத்துக்கொள்ளுங்கள் பெஞ்ச்வாசி, டைப் அடிக்கும் நேரம் மிச்சம்.

உப்பேரி எழுதியது:
யாரும் சால்ட் லேக் சிட்டி ராத்திரியைச் சொல்லவில்லையே. 2019 மார்ச் 25. அப்போதெல்லாம் சீன சீசன் சீக்கிரம் முடிந்துவிடும், அதனால் அங்கே ஆடியவர்கள் மார்ச்சில் வந்து என்பிஏ அணியில் கடைசிச் சில வாரம் ஒட்டிக்கொள்வது வழக்கமாக இருந்தது. ஃபீனிக்ஸ் சன்ஸ் இவரை எடுத்தது. அன்றைய ஆட்டம் யூட்டா ஜாஸுக்கு எதிராக, கல்லூரியில் இவரைக் கொண்டாடிய அதே ஊர்ப் பக்கம். சொந்த அணி முப்பது புள்ளிக்கு மேல் முன்னால் இருக்கும்போது அந்த அரங்கமே எதிரணி ஆளை இறக்கச் சொல்லிக் கத்துகிறது. அதே ஆட்டத்தில் டெவின் புக்கர் 59 அடிக்கிறார், அவருக்குக்கூட அந்தச் சத்தம் இல்லை. ஃப்ரெடெட் பந்தைத் தொட்டாலே எழுந்து நிற்கிறார்கள். பத்து ஷாட் போட்டார், ஒன்று விழுந்தது. மொத்தம் ஆறு புள்ளி. ஒவ்வொரு தடவை தவறும்போதும் பதினெட்டாயிரம் பேர் ஒன்றாக "அய்யோ" என்கிற அந்தச் சத்தம் இருக்கிறதே, நான் அந்த வீடியோவை இன்னொரு தடவை பார்க்க மாட்டேன்.

அரைக்கோடு எழுதியது:
அந்த ராத்திரி பந்து அவர் கையில்தான் இருந்தது, ஞாபகம் இருக்கட்டும்.

பெஞ்ச்வாசி எழுதியது:
ஒரு ராத்திரி! சில நாள் முன்னால்தான் அணியில் சேர்ந்தவர்.

சரி, இதற்குப் பதில் சொல்லுங்கள். முப்பத்துமூன்று வயதில், கிளப் ஆட்டம் கிட்டத்தட்ட முடிந்த பிறகு, 2022-இல் அமெரிக்காவின் 3x3 அணிக்கு, அதாவது பக்கத்துக்கு மூன்று பேர் ஆடும் கூடைப்பந்துக்கு, போனார். 2023 வியன்னா உலகக் கோப்பையில் வெள்ளி, அதே வருடம் சாண்டியாகோ பான் அமெரிக்கன் போட்டியில் தங்கம். டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதியே பெறாத அமெரிக்க ஆண்கள் 3x3 அணி பாரிஸுக்குப் போனது. 3x3-இன் புள்ளிக் கணக்கைப் பாருங்கள்: உள்ளேயிருந்து போட்டால் ஒன்று, வளைவுக்கு வெளியிலிருந்து போட்டால் ரெண்டு. சாதாரண ஆட்டத்தில் தூர ஷாட்டின் மதிப்பு ஒன்றரை மடங்கு, இங்கே ரெண்டு மடங்கு. பந்து கைக்கு வந்த 12 விநாடிக்குள் ஷாட் போட்டாக வேண்டும், 21 புள்ளி எடுத்தால் ஆட்டம் முடிந்தது. மூன்றே பேர், மூலையில் நிற்க வைக்க இடமே இல்லை, ஸ்கிரீன் தானாக வந்துகொண்டே இருக்கும். இவருக்காகவே யாரோ உட்கார்ந்து எழுதிய விதி மாதிரி இருக்கும்.

புடோங்வாசி எழுதியது:
இது நல்ல பாயிண்ட். 3x3 பந்தும் வேறு, ஆறாம் எண் அளவு, ஏழாம் எண் எடை. சின்னப் பந்து, அதே கனம். கைக்கு அடக்கமாக இருக்கும், வெளியில் காற்றிலும் ஓரளவு நிற்கும்.

அரைக்கோடு எழுதியது:
3x3-இல் அவர் உலகத்தரம், அதில் எனக்கு வாக்குவாதமே இல்லை. ஆனால் பாரிஸ்?

உப்பேரி எழுதியது:
பாரிஸில் ரெண்டாவது ஆட்டம், போலந்துக்கு எதிராக, தொடைத் தசை கிழிந்தது. 3x3-இல் ஒரு அணிக்கு மொத்தமே நான்கு பேர், மாற்று ஆள் அனுப்ப விதியில் இடமில்லை. கேன்யன் பாரி, கரீம் மேடாக்ஸ், டிலன் டிராவிஸ் மூவரும் மீதி ஆட்டங்கள் எல்லாவற்றையும் உட்காராமல் ஆடினார்கள். கான்கார்ட் சதுக்கத்து வெயிலில், ஒரே நாளில் ரெண்டு ஆட்டம் வருகிற அட்டவணையில், பெஞ்சில் ஃப்ரெடெட் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க. ரெண்டு வெற்றி, ஐந்து தோல்வி. அதோடு அவர் களத்துக்குத் திரும்பவில்லை.

கார்டுகனவு எழுதியது:
அப்போது அந்த அண்ணனிடம் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் நிறைவேறியதா இல்லையா? என்பிஏ-வில் ஆடினாரே.

மூன்றாம்கால் எழுதியது:
ஆடினார். ஐந்து அணி, சராசரி ஆறு புள்ளி. ஒப்பந்தத்தில் எத்தனை நிமிடம் என்று போடவில்லை போல.

அரைக்கோடு எழுதியது:
கடைசியாக ஒரு கேள்வி, பெஞ்ச்வாசிக்கு மட்டும். 2011 டிராஃப்டில் யூட்டா ஜாஸிடம் 12வது இடம் இருந்தது, ரசிகர்கள் இவரைத்தான் கேட்டார்கள், ஆனால் அதற்குள் போய்விட்டார், ஜாஸ் அலெக் பர்க்ஸை எடுத்தது. அங்கே விழுந்திருந்தால்?

பெஞ்ச்வாசி எழுதியது:
முதல் ரெண்டு வருடம் சொர்க்கம். மூன்றாவது வருடம் பயிற்சியாளர் இவரைப் பெஞ்சில் வைத்தால் அவர் யூட்டாவில் மளிகைக்கடைக்குக்கூடப் போக முடிந்திருக்காது. ஆனால் பந்து அவர் கையில் இருந்திருக்கும்.

பந்துபொறுக்கி எழுதியது:
ஸ்டாம்ப்.